டாம் சதுக்கத்து நகர மன்றம்: ஒரு பலகணி மாற்றிய பொருள்

ஆம்ஸ்டர்டாமின் டாம் சதுக்கத்தில் நிற்கும் மணற்கல் கட்டடத்தை இன்று அரண்மனை என்கிறோம். 1648இல் அடிக்கல் நாட்டி 1655இல் திறந்தபோதோ அது நகர மன்றம். அரசர் குடியிருக்க எழுந்ததன்று. அதன் பொருளைத் திருப்பிப்போட்டது 1808இல் ஒட்டவைத்த ஒரு பலகணி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

யாக்கோப் ஃபான் காம்பன் வடிவமைத்த இக்கட்டடத்தைச் சேற்று நிலத்தில் 13,659 மரத்தூண்கள் தாங்குகின்றன. (365க்கு முன்னே 1, பின்னே 9 என்று அங்குள்ள பிள்ளைகள் மனனம் செய்வார்கள்.) இத்தனை பெரிய கட்டடத்துக்குத் தலைவாசல் கிடையாது. ஏழு சிறிய வளைவுகள்தான் உண்டு. அவை டச்சுக் குடியரசின் ஏழு மாகாணங்களைக் குறிக்கின்றன என்பது வழக்கமான விளக்கம். கூட்டம் மொத்தமாக உள்ளே புகுந்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. வணிகர்களின் ஆட்சிக்கு மக்கள் சாட்சியாக வேண்டும். உள்ளே வர வேண்டியதில்லை.

இதற்குச் சான்று தரைத்தளத்திலேயே இருக்கிறது. மரண தண்டனையை வாசிக்கும் பளிங்கு மண்டபம் சதுக்கத்தை ஒட்டி அமைந்தது. கம்பியிட்ட சாளரங்கள் வழியே வெளியே நின்றவர்கள் தீர்ப்பைப் பார்த்தார்கள். மேல்தளத்தில் திவாலானோர் விவகார அறை. அதன் வாசலுக்கு மேலே இகாரஸ் வானிலிருந்து விழுகிறான். காலிப் பெட்டியையும் தீர்க்காத கடன் சீட்டுகளையும் எலிகள் கொறிக்கின்றன. 1656இல் ரெம்பிராண்டின் சொத்து விவகாரம் போனது இந்த அமைப்பிடம்தான். சில ஆண்டுகள் கழித்து அவர் இதே கட்டடத்துக்கு வரைந்து கொடுத்த கிளாடியஸ் சிவிலிஸ் ஓவியமும் நிலைக்காமல் திரும்பிப் போயிற்று. மிஞ்சிய பகுதி ஸ்டாக்ஹோமில் இருக்கிறது.

மேற்கு முகப்புச் சிற்பத்தில் கண்டங்கள் ஆம்ஸ்டர்டாமை உருவகிக்கும் பெண்ணுக்குப் பண்டங்களைக் கொண்டுவருகின்றன. அடிக்கல் நாட்டிய நாளில் சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காடு. அந்தச் சிற்பத்தை நாம் அந்நியமாகப் பார்க்க முடியாது.

1808இல் ஹாலந்து அரசர் லூயி போனபார்ட் இக்கட்டடத்தை அரண்மனையாக்கினார். பலகணி வந்தது, பார்வையை மறைத்த எதிர்ப்புறத்து எடைமனை இடிக்கப்பட்டது. அதுவரை மக்கள் சாளரம் வழியே ஒரு செயலைக் கண்டார்கள். பிறகு அண்ணாந்து ஒருவரைக் கண்டார்கள். தண்டனை நாட்களில் முகப்பில் எழுப்பிய கொலைமேடையையும் அண்ணாந்துதானே பார்த்தார்கள் என்று மறுக்கலாம். மறுப்பு வலுவானதே. ஆனால் மேடையைத் தண்டனை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். பலகணி நிலைத்துவிட்டது, 1980இல் புதிய அரசியையும் 2013இல் புதிய அரசரையும் நாடு பார்த்தது அங்கேதான்.

1930களில் அரசு ஒரு கோடி கில்டர் கொடுத்து இக்கட்டடத்தை நகரத்திடமிருந்து வாங்கியது. 1808இல் பிரின்சன்ஹாஃப் என்ற கட்டடத்துக்குக் குடிபெயர்ந்த நகர மன்றம், தனக்கெனக் கட்டிய புதிய இடத்துக்குப் போனது 1988இல்.