புயல் ஆயத்தத் திட்டம் (வங்கதேசம்)

புயல் ஆயத்தத் திட்டம் வங்கதேசத்தின் கடலோரக் கிராமங்களில் 1972 முதல் இயங்கிவரும் தன்னார்வப் பாதுகாப்பு அமைப்பு. அந்நாட்டு அரசும் வங்கதேசச் செம்பிறைச் சங்கமும் இதைச் சேர்ந்து நடத்துகின்றன. புயல் செய்தியை வீடு வீடாகக் கொண்டுசேர்ப்பது, மக்களைக் காப்பிடங்களுக்கு அழைத்துச் செல்வது, சிக்கிக்கொண்டவர்களை மீட்பது, முதலுதவி செய்வது, நிவாரணம் வழங்கத் துணைநிற்பது ஆகியவை இதன் பணிகள். 13 கடலோர மாவட்டங்களில் 76,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஊதியமின்றிப் பணியாற்றுகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஒரே இரவில் லட்சக்கணக்கானோர் மாண்ட கடற்கரையில் அண்மைக்காலப் புயல் சாவுகள் பத்துகளில் எண்ணும் அளவுக்குக் குறைந்ததில் இத்திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நிலமும் கடலும்

வங்காள விரிகுடா வடக்கே செல்லச் செல்லக் குறுகுகிறது; அதன் ஆழமும் குறைகிறது. தெற்கிலிருந்து வரும் புயல் தள்ளிக்கொண்டு வரும் நீர் பக்கவாட்டில் பரவ வழியின்றிக் கரையில் மேலெழுகிறது. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலால் ஆன இக்கரை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உடையது. ஆற்று முகத்துவாரங்களில் புதிது புதிதாக மணல் திட்டுகள் தோன்றுகின்றன. வேறெங்கும் நிலம் இல்லாத குடும்பங்கள் அவற்றில் குடியேறி நெல் விளைவிக்கின்றன, மாடு வளர்க்கின்றன, மீன் பிடிக்கின்றன. மேடோ கல் கட்டடமோ அருகில் இல்லாத இவர்களுக்குக் காற்றைவிடக் கடலே பெரிய எமன். புயலலையும் ஏற்றநீரும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் ஊர் முழுவதும் நீருக்கடியில் போய்விடும்.

1970 பேரழிவு

1970 நவம்பர் 12ஆம் தேதி இரவு, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இப்பகுதியைப் போலா புயல் தாக்கியது. இறந்தோர் 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மனிதர் பதிவுசெய்த புயல்களில் இதைவிட அதிக உயிரைப் பறித்தது வேறில்லை. 1,67,000 பேர் வாழ்ந்த தஜுமுத்தீன் வட்டத்தில் மட்டும் மக்களில் 45 விழுக்காட்டினருக்கு மேல் மாண்டனர்.

புயலுக்குப் பின் நடந்த ஆய்வொன்று இப்பேரழிவின் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. புயல் வருகிறது என்பது அப்பகுதியினரில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு முன்பே தெரிந்திருந்தது. உறுதியான கட்டடங்களைத் தேடிப் போனவர்களோ சுமார் ஒரு விழுக்காட்டினர்தான். வானொலி சொன்னதை மக்கள் கேட்டார்கள். ஆனால் கடல் எவ்வளவு உயரம் வரும், எப்போது வரும், எங்கே போக வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. பத்து எண்கள் கொண்ட பழைய எச்சரிக்கை முறைக்குப் பழகியிருந்தவர்களுக்கு, அன்று ஒலிபரப்பான ‘சிவப்பு 4’ என்ற குறியின் கடுமை விளங்கவும் இல்லை. விளங்கியிருந்தாலும் ஒதுங்க இடம் இருந்தது மிகச் சிலருக்கே.

செய்தி சேர்வதும் உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல என்பதை 1970 காட்டியது. இரண்டுக்கும் நடுவே ஊரில் ஒரு மனித ஏற்பாடு வேண்டும். புயல் ஆயத்தத் திட்டம் அந்த ஏற்பாடாகவே உருவானது.

தோற்றம்

பேரழிவுக்குப் பிறகு இப்பகுதியின் புயல் முன்னேற்பாட்டில் தலைமைப் பங்கு ஏற்குமாறு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பைக் கேட்டுக்கொண்டது. 1971இல் வங்கதேசம் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே திட்டம் தொடங்கியது. 1973 ஜூலையில் ஷேக் முஜிபுர் ரகுமான் அரசு இதை ஏற்றுக்கொண்டு செலவில் ஒரு பகுதியைத் தானே சுமக்க முன்வந்தது. அன்றுமுதல் இது அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து நடத்தும் திட்டமாகவே நீடிக்கிறது. ஆட்சிகள் மாறிய நாட்டில், இராணுவ ஆட்சிக் காலங்களிலும்கூட, இத்திட்டம் அறுபடாமல் தொடர்ந்தது சிறு சாதனை அல்ல.

அமைப்பு

திட்டத்தின் அடிப்படை அலகு கிராமக் குழு. ஒவ்வொரு குழுவும் ஓரிரு கிராமங்களைக் கவனித்துக்கொள்கிறது. தொடக்கத்தில் ஒரு குழுவில் 10 பேர் இருந்தனர். பின்னர் அது 15 ஆனது. இப்போது 10 ஆண்கள், 10 பெண்கள் என 20 பேர். எச்சரிக்கை, காப்பிடம், மீட்பு, முதலுதவி, நிவாரணம் என்று பணி ஐந்தாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். புயல் நாளில் யார் எதைச் செய்வது என்ற குழப்பத்துக்கு இடமில்லை.

தன்னார்வலர்கள் வெளியூர் அலுவலர்கள் அல்லர். உழவர், மீனவர், பள்ளி ஆசிரியர், கடைக்காரர், இல்லத்தரசி எனப் பலரும் அதே ஊரில் வாழ்பவர்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எங்கே நிறைமாத கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டு ஆண்கள் கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பு என்றால் தயங்கும் குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கிளம்பிவிடும். திட்டத்தின் வலிமை முழுவதும் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

கைச்சங்கு, மெகாபோன், வானொலிப் பெட்டி, டார்ச், மழைக்கோட்டு, உயிர்காப்புச் சட்டை, முதலுதவிப் பெட்டி ஆகியவை குழுக்களுக்கு வழங்கப்படும் கருவிகளில் சில. புயல் இல்லாத மாதங்களிலும் வேலை நிற்பதில்லை. பயிற்சி, ஒத்திகை, தெருக்கூட்டம், நாடகம், பாட்டு என ஆண்டு முழுவதும் ஊர் தயார்ப்படுத்தப்படுகிறது.

எச்சரிக்கை சேரும் வழி

டாக்காவிலுள்ள வானிலைத் துறை புயல் அறிக்கை வெளியிட்டதும் திட்டத்தின் தலைமையகம் அதைக் கம்பியில்லாத் தொடர்பு மூலம் மண்டல, வட்ட அலுவலகங்களுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஊராட்சிகளுக்கும் கிராமக் குழுக்களுக்கும் செய்தி போகிறது. தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்த பின்னும் இயங்க வேண்டும் என்பதால், கைப்பேசிகள் பெருகிவிட்ட இன்றும் இக்கம்பியில்லாப் பிணைப்பு கைவிடப்படவில்லை.

கிராமத்தில் எச்சரிக்கை கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்படி தரப்படுகிறது. நடுவில் கறுப்புச் சதுரம் கொண்ட சிவப்புக் கொடி உயரமான கம்பத்தில் ஏற்றப்படும். ஒரு கொடி என்றால் விழிப்பாக இரு. இரண்டு என்றால் ஆயத்தமாகு. மூன்று ஏறினால் உடனே காப்பிடத்துக்குப் போ. தமிழகத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் கூண்டுகளைப் போலவே வங்கதேசத்தின் எச்சரிக்கை எண் முறையும் கப்பல்களுக்காக ஏற்பட்டது. எண்ணைக் கேட்டு அது தன் வீட்டுக்கு என்ன சொல்கிறது என்று கிராமத்தார் கணிப்பது கடினம். கொடிகள் அந்த எண்களைக் கிராமத்தார் செய்ய வேண்டிய செயலாக மாற்றித் தருகின்றன.

காப்பிடங்கள்

போவதற்கு இடமில்லையென்றால் எச்சரிக்கையால் பயனில்லை. 1970களில் தூண்கள் மீது உயர்த்திக் கட்டிய காப்பிடங்கள் எழும்பத் தொடங்கின. கால்நடைகளுக்காக மண் குவித்து மேடுகள் உண்டாக்கப்பட்டன. இவை ‘முஜிப் கில்லா’ எனப்படுகின்றன. மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கி இறந்தவர்கள் ஏராளம் என்பதால், கால்நடைக்கு மேடு அமைப்பதும் மனிதரைக் காக்கும் வழியே.

ஆனாலும் காப்பிடங்களின் எண்ணிக்கை போதவில்லை. 1991 புயலுக்குப் பிறகு, பொறியாளர் ஜமிலுர் ரேசா சௌத்ரி தலைமையிலான வல்லுநர் குழு பல்நோக்குக் காப்பிடங்களுக்கான பெருந்திட்டத்தை வகுத்தது. மற்ற நாட்களில் பள்ளியாகப் பயன்படும் கட்டடம் புயல் நாளில் அடைக்கலம் தருவதே இதன் சாரம். நாள்தோறும் பிள்ளைகள் போய்வரும் கட்டடம் பூட்டிக் கிடந்து பாழாவதில்லை; போகும் வழியும் ஊருக்கே தெரிந்திருக்கிறது.

பெண்களும் பாதுகாப்பும்

1991 ஏப்ரல் 29 அன்று சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தனர். 20 முதல் 44 வயதுடைய பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேரும், அதே வயது ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேரும் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆண் வந்து சொல்லாமல் பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது என்ற வழக்கம், தனி அறையோ கழிப்பிடமோ இல்லாத காப்பிடங்கள், கையிலும் இடுப்பிலும் குழந்தைகள், நீரில் காலைச் சுற்றும் சேலை ஆகியவை பெண்களை அதிகமாகப் பலிகொண்டன. எச்சரிக்கை பெரும்பாலும் ஆண்கள் கூடும் சந்தையிலும் தேநீர்க் கடையிலுமே சொல்லப்பட்டது.

இதற்கு மாற்றாகப் பெண் தன்னார்வலர்கள் சேர்க்கப்பட்டனர். முன்பு 15 பேர் கொண்ட குழுவில் ஐவராக இருந்தவர்கள், 2020ஐ ஒட்டிய சீரமைப்பில் சரிபாதி ஆயினர். பெண் சொல்லும்போது செய்தி வாசலோடு நிற்காமல் அடுக்களை வரை போகிறது. காப்பிடத்தில் பெண்களுக்குத் தனி இடமும் உறுதிப்படுகிறது. இம்மாற்றத்துக்காக 2021இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சேவை விருது வங்கதேசத்துக்குக் கிடைத்தது.

விளைவுகள்

2007 நவம்பர் 15 அன்று சிதர் புயல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தென்மேற்குக் கரையைத் தாக்கியது. இறந்தோர் சுமார் 3,400 பேர். பெருந்துயரம்தான், ஆனால் 1970, 1991 கணக்குகளின் முன் வைத்துப் பார்த்தால் மாற்றம் தெளிவு. சுந்தரவனத்தின் அலையாத்திக் காடுகள் வேகத்தைத் தணித்ததும் இதற்கு ஒரு காரணம். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் வந்தபோது கொரோனா பரவலும் சேர்ந்துகொண்டது. நெரிசலைத் தவிர்க்கக் கூடுதல் பள்ளிகள் திறக்கப்பட்டு, சுமார் 24 லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். வங்கதேசத்தில் இறப்பு 30ஐத் தாண்டவில்லை. இறந்தவர்களில் ஒருவர், பட்டுவாகாலி மாவட்டத்தில் எச்சரிக்கை சொல்லப் படகில் போய், படகு கவிழ்ந்து மூழ்கிய தன்னார்வலர்.

காக்ஸ் பஜாரிலுள்ள ரோஹிங்கியா அகதி முகாம்களிலும் இதே முறை பின்பற்றப்படுகிறது. அகதிகளே பயிற்சி பெற்று மூங்கில் குடில்களுக்கிடையே கொடியேற்றி எச்சரிக்கிறார்கள்.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

உயிர் தப்புவதோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. 2009 மே மாத அய்லா புயலில் மண் கரைகள் உடைந்து வயல்களில் உப்புநீர் புகுந்தது. வீடிழந்த குடும்பங்கள் உடைந்த கரைகளின் மீதே நெடுநாள் குடியிருந்தன. நன்னீரும் விளைநிலமும் இழந்த பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தொலைத் திட்டுகளில் காப்பிடம் இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் ஏறிச்செல்லச் சாய்தளம் இல்லாத பழைய கட்டடங்கள் உள்ளன. ஆழ்கடலில் இருக்கும் மீனவர்க்குச் செய்தி சேர்ப்பதும் எளிதல்ல. எச்சரித்த புயல் திசைமாறிப் போனால் அடுத்த முறை மக்கள் அசட்டை செய்கிறார்கள். இதைத் தன்னார்வலர்கள் ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக எதிர்கொள்கிறார்கள்.

முக்கியத்துவம்

காவல் நிலையம், மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் எல்லாம் தொலைவில் இருக்கும் நாட்டுப்புறத்தில் ஆபத்து வரும் முதல் சில மணி நேரம் ஊரார் கையில்தான் இருக்கிறது. வங்கதேசம் இதைக் குறையாகக் கருதிக் கைகட்டி நிற்கவில்லை. அந்த ஊராரையே பயிற்றுவித்து, கருவி கொடுத்து, அறிவியல் கணிப்போடு இணைத்தது. அரசு ஒதுங்கிக்கொள்வதற்கு இது சாக்கு ஆகாது. வானிலைக் கணிப்பு, காப்பிடம், கரை, கம்பியில்லாத் தொடர்பு ஆகியவற்றை அரசு தராவிட்டால் தன்னார்வலரின் மெகாபோன் வெறும் கூச்சலாகிவிடும். ஊராரின் நம்பிக்கையும் அரசின் கட்டுமானமும் ஐம்பது ஆண்டுகள் விடாமல் சேர்ந்து நின்றதே இத்திட்டத்தின் வெற்றி. வெள்ளமோ காட்டுத்தீயோ நிலச்சரிவோ எதை எதிர்கொள்ளும் சிற்றூரும் இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்டுப் பெற உரிமை உடையது.