திருப்பூர்க்காரர் போட்ட வரி

வீட்டு வரி ரசீதை நாம் யாராவது முழுசாகப் படித்திருக்கிறோமா? தொகையைப் பார்த்து, 'இவ்வளவா!' என்று பெருமூச்சு விட்டு பீரோவில் பூட்டுவதோடு சரி. சொத்து வரியோடு நூலக வரி என்று ஒன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ரூபாய்க்குப் பத்துக் காசு. முதன்முதலில் இதை நம் தலையில் கட்டியவர் ஒரு திருப்பூர்க்காரர்!

தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1903-ல் பிறந்தவர். பெயருக்கு முன்னால் நிற்கிற 'தி', திருப்பூர்தான். விடுதலைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். 1930-ல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். 1946-லிருந்து 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரி.

அதற்கு முன்பே சீர்காழிக்காரர் ஒருவர் நூலகச் சட்டம் வேண்டும் என்று விடாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1933-ல் பஷீர் அகமது சயீது சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது கரையேறவில்லை.

இடையில் 1931-ல் மன்னார்குடிப் பக்கம் ஒரு வேடிக்கை நடந்தது. மேலவாசல் கனகசபைப் பிள்ளை, மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். படிக்கிறவன் நூலகத்தைத் தேடி வரவேண்டாம், நூலகம் அவன் வாசலுக்கே போகட்டும் என்ற யோசனை. அற்புதமான மனுஷர்! ஆனால் வள்ளல் இருக்கிற வரைக்கும்தானே வண்டி ஓடும்? அதற்கப்புறம் மாட்டுக்கு யார் தீவனம் போடுவது?

தீவனத்துக்கு வழி செய்ததுதான் 1948-ம் வருடச் சட்டம். ஓமந்தூரார் ஆட்சியில் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது அரை அணா, நூலகத்துக்கு. ஜனங்கள் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில், புத்தகத்துக்காக ஒரு வரி! இப்போது எந்த மந்திரிக்காவது அந்தத் தைரியம் வருமா?

மனிதர் அத்தோடு விடவில்லை. அவர் முன்னின்று நடத்திய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் போட்டது. பிறகு பிள்ளைகளுக்கென்றே தனியாகப் பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியம். கட்டடம் மட்டும் இருந்து உள்ளே பையன்களுக்கு ஒன்றுமில்லை என்றால் எப்படி?

அவர் பிறந்த ஊர் பனியன் ஊரானது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, டெய்லருக்குக் கைமடிக்கப் போன பசங்கள் எத்தனை பேர்! தமிழ்நாட்டுக் கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வாரம் பூரா ஷிப்ட் பார்க்கிறவனுக்கு அந்த ஒரு நாளை விட்டால் வேறு நாள் ஏது?

இன்றைக்குப் பல ஊர் நூலகங்களில் உள்ளே இடம் போதாமல், காம்பவுண்டுக்குள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறார்கள் பையன்களும் பெண்களும். ஒரு சிமென்ட் பெஞ்ச், ஒரு குடிதண்ணீர்க் குழாய், தலைக்கு மேலே ஒரு தகரக் கூரை. அவர்கள் கேட்பது இவ்வளவுதான். வரியை வசூல் பண்ணிய உள்ளாட்சிகளோ, அந்தப் பணத்தை நூலகத் துறையிடம் கட்டாமல் பாக்கி வைத்திருப்பதாகப் பல வருடங்களாகப் புகார். ரசீது நம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.