லான்சரோட்டே: எரிமலைத் தீவில் ஒரு நாள் சுற்றுலாவும் அதன் பின்னுள்ள வரலாறும்

லான்சரோட்டே, ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கேனரித் தீவுகளுள் ஒன்று. அட்லாண்டிக் பெருங்கடலில், ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பரப்பளவு சுமார் 846 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த இடமே 671 மீட்டர்தான். உயர்ந்த மலைகள் இல்லாததால், கடலிலிருந்து வரும் மேகங்கள் இத்தீவில் மழையாகப் பொழியாமல் கடந்து சென்றுவிடுகின்றன. ஆண்டு மழையளவு பெரும்பாலும் 150 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆறு கிடையாது, காடு கிடையாது.

இத்தீவுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அவர்களுள் பலர் வழிகாட்டியுடன் கூடிய ஒரு நாள் பேருந்துச் சுற்றுலாவில் செல்வார்கள். கடற்கரை விடுதிகளிலிருந்து காலையில் புறப்படும் பேருந்து, திமன்ஃபாயா எரிமலைப் பூங்கா, தென்மேற்குக் கடற்கரை, லா ஹேரியா திராட்சைத் தோட்டங்கள், வடபகுதியிலுள்ள எரிமலைக் குகைகள் ஆகியவற்றைக் காட்டிவிட்டு மாலையில் திரும்பும். பயணிகளுக்கு இவை தனித்தனிக் காட்சிகளாகத் தோன்றும். ஆனால் இவற்றுள் பல, 1730-ஆம் ஆண்டு தொடங்கி ஆறு ஆண்டுகள் நீடித்த ஒரே எரிமலைச் சீற்றத்தின் விளைவுகள். இயற்கை செய்தது எது, அதன்பின் மனிதர் செய்தது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் இத்தீவின் வரலாறு விளங்கும்.

1730: ஒரு பாதிரியாரின் குறிப்புகள்

சீற்றத்துக்கு முன் லான்சரோட்டே ஒரு தானியத் தீவு. இங்கும் அண்டைத் தீவான ஃபுவெர்தெவெந்தூராவிலும் விளைந்த கோதுமையும் வாற்கோதுமையும் மற்ற கேனரித் தீவுகளுக்குக் கப்பலில் சென்றன. மக்கள் தொகை சுமார் ஐயாயிரம். தீவின் மிக வளமான நிலங்கள், இன்று கருங்கற்கடலாகக் கிடக்கும் அதே பகுதியில் இருந்தன.

அப்போது யாய்சா என்னும் ஊரின் பங்குப் பாதிரியாராக இருந்தவர் அந்திரேஸ் லோரென்சோ குர்பேலோ. அவர் எழுதிய நாட்குறிப்பே இச்சீற்றத்துக்கு முதன்மையான சான்று. மூலப் பிரதி இன்று இல்லை. ஜெர்மானிய நிலவியலறிஞர் லியோபோல்ட் ஃபொன் பூக் 1815-இல் கேனரித் தீவுகளுக்குச் சென்றபோது கண்டறிந்ததைத் தம் நூலில் சேர்த்து 1825-இல் வெளியிட்டார். அதனாலேயே அது நமக்குக் கிடைத்தது. அறிவியல் கருவிகள் எதுவும் இல்லாத ஒரு கிராமத்துப் பாதிரியார் இவ்வளவு நிதானத்துடன் எழுதியது வியப்புக்குரியது.

1730 செப்டம்பர் 1-ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் திமன்ஃபாயா ஊருக்கு அருகே பூமி பிளந்தது என்றும், அவ்விடத்தில் ஒரு மலை எழுந்தது என்றும் அவர் பதிவு செய்கிறார். எரிமலைக் குழம்பு முதலில் தண்ணீரைப் போல ஓடியது; பிறகு தேனைப் போல மெதுவாக நகர்ந்தது. சில நாட்களில் மரேத்தாஸ், சாந்தா கத்தலீனா ஆகிய ஊர்கள் அழிந்தன. அக்டோபரில் நச்சாவியால் கால்நடைகள் மூச்சுத் திணறி விழுந்து இறந்தன. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் மேற்குக் கரையெங்கும் இறந்த மீன்கள் ஒதுங்கின. அவற்றுள் அதுவரை யாரும் கண்டிராத வடிவங்களும் இருந்தன. 1731 டிசம்பர் இறுதியில், இனி ஓயாது என்று கருதிய பாதிரியார், தம் பங்கு மக்களுடன் கிரான் கனாரியா தீவுக்குச் சென்றுவிட்டார். குறிப்பு அத்துடன் நிற்கிறது. சீற்றம் நிற்கவில்லை. 1736 ஏப்ரல் 16 வரை அது தொடர்ந்தது. ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர், அதாவது தீவில் நான்கில் ஒரு பங்கு, குழம்பாலும் சாம்பலாலும் மூடப்பட்டது.

சுற்றுலாக் கதைகளில் அதிகம் இடம்பெறாத செய்தி ஒன்று உண்டு. சீற்றத்தின் தொடக்கத்தில், மக்கள் தீவை விட்டு வெளியேறக் கூடாது என்று கேனரித் தீவுகளின் அரசு நீதிமன்றமான ஆடியன்சியா தடை விதித்தது. தானியம் விளைவிக்கவும் தீவைக் காக்கவும் ஆள் வேண்டும் என்பதே அரசின் கவலை. வீடும் நிலமும் இழந்தவர்கள் தீவுக்குள்ளேயே ஊர் விட்டு ஊர் மாறிக்கொண்டிருந்தார்கள். பின்னரே தடை தளர்ந்தது. பலர் ஃபுவெர்தெவெந்தூராவுக்கும் பிற தீவுகளுக்கும் சென்றனர்.

இதையொட்டி ஒரு தவறான கருத்தும் உலவுகிறது. இன்றைய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ நகரின் குடியேற்றத்தை 1731 மார்ச் 9-இல் வந்து சேர்ந்த கேனரித் தீவினர் நிறுவினர். அவர்களுள் பெரும்பாலோர் லான்சரோட்டேயைச் சேர்ந்தவர்கள். எனவே எரிமலைக்கு அஞ்சி ஓடியவர்கள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் கப்பலேறியது 1730 மார்ச் மாதத்தில். எரிமலை வெடித்தது செப்டம்பரில். அவர்கள் ஸ்பெயின் அரசின் குடியேற்றத் திட்டத்தின்படி சென்றவர்கள். ஆண்டை மட்டும் பார்த்து மாதத்தைப் பார்க்காமல் விட்டதால் நேர்ந்த பிழை இது.

திமன்ஃபாயாவில் காட்டப்படுவன

அழிந்துபோன திமன்ஃபாயா ஊரின் பெயரே இன்று பூங்காவுக்கு வழங்குகிறது. 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு சுமார் 51 சதுர கிலோமீட்டர். இதற்குள் 14 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைச் சாலை உண்டு. பேருந்திலிருந்து இறங்க அனுமதி இல்லை. காரணம் எளியது. மழை குறைவான இந்நிலத்தில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பாறைகளில் பாசிபோல் படர்ந்த லைக்கன்களே முதன்மையான உயிரினமாக இருக்கின்றன. ஒரு காலடித் தடம் பல ஆண்டுகள் அழியாது.

இஸ்லோத்தே தே இலாரியோ என்னும் மேட்டில் வழிகாட்டிகள் சில செய்முறைகளைக் காட்டுவார்கள். நிலத்தைச் சிறிது தோண்டி எடுத்த சரளையைப் பயணியின் கையில் வைத்தால் சூடு பொறுக்காது. குழிக்குள் திணித்த காய்ந்த முட்செடி சற்று நேரத்தில் தானே தீப்பற்றிக்கொள்ளும். நிலத்தில் பதித்த குழாயில் வாளித் தண்ணீரை ஊற்றினால் அது நீராவியாகி மேலே பீறிட்டு அடிக்கும். 13 மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை சுமார் 600 டிகிரி செல்சியஸ். ஆழத்திலிருந்து வெப்ப வாயுக்கள் பாறை வெடிப்புகளின் வழியே மேலேறி வருவதே இதற்குக் காரணம். அங்குள்ள உணவகத்தில் இந்த வெப்பத்தின் மேல் கம்பித் தட்டு வைத்து இறைச்சி சுடுகிறார்கள்.

இலாரியோ என்பவர் ஒட்டகம் ஒன்றுடன் இங்குத் தனியாக வாழ்ந்த துறவி என்பது நாட்டுக் கதை. அவர் ஓர் அத்தி மரத்தை நட்டார். மரம் வளர்ந்தது, ஆனால் காய்க்கவே இல்லை, நெருப்பை உண்டு பூ காயாகாது என்று அக்கதை சொல்கிறது.

குழிக்குள் ஒரு கொடி

பயணிகள் அதிகம் படம் எடுப்பது திமன்ஃபாயாவை. ஆனால் வரலாற்றை நாடுவோர் நின்று பார்க்க வேண்டிய இடம் லா ஹேரியா.

எரிமலைக் குழம்பு ஓடிய இடத்தில் பயிரிட வழியில்லை. ஆனால் அதைச் சுற்றிலும் பரந்த நிலப்பரப்பில் எரிமலை கக்கிய கருஞ்சரளை மழையாகப் பெய்து மூடியிருந்தது. இச்சரளையைத் தீவு மக்கள் பிக்கோன் அல்லது ரோஃபே என்பர். சுண்டைக்காய் அளவுள்ள, உள்ளே துளைகள் நிறைந்த இலேசான கற்கள் இவை. சில இடங்களில் இரண்டு மூன்று மீட்டர் தடிமனுக்குப் படிந்தன. பழைய நல்ல மண் அடியில்தான் இருந்தது. தானியம் விதைக்கும் நிலமாக அது இனிப் பயன்படாது.

சரளை மெல்லியதாகப் படிந்த இடங்களில் பயிர் முன்பைவிடச் செழித்ததை உழவர்கள் கண்டனர். பெய்யும் சிறு மழையைச் சரளை உடனே உள்ளே விட்டுவிடுகிறது. வெயிலும் காற்றும் அந்த ஈரத்தை உறிஞ்சாமல் மூடிக் காக்கிறது. இரவில் இறங்கும் பனியின் ஈரமும் வீணாவதில்லை. இதைப் புரிந்துகொண்ட பின், தடித்த சரளை உள்ள இடங்களில் புனல் வடிவக் குழிகளைத் தோண்டினார்கள். அடியிலுள்ள மண் தென்படும்வரை தோண்டி, அதில் ஒரே ஒரு திராட்சைக் கொடியை நட்டார்கள். இத்தீவில் தடக்காற்று வடகிழக்கிலிருந்து ஆண்டு முழுவதும் வீசும். அதைத் தடுக்க, குழியின் விளிம்பில் சுண்ணாம்போ மண்ணோ இல்லாமல் வெறுங்கற்களை அடுக்கிப் பிறை வடிவில் குட்டைச் சுவர் எழுப்பினார்கள். ஒரு குழி, ஒரு சுவர், ஒரு கொடி. இவ்வாறு ஆயிரக்கணக்கில்.

சரளை விழாத பகுதிகளிலும் இம்முறை பரவியது. குன்றுகளிலிருந்து பிக்கோனை வெட்டி எடுத்து ஒட்டகங்களின் முதுகில் ஏற்றி வந்து வயலில் பரப்பினார்கள். இதற்கு எனரெனாதோ என்று பெயர். வெங்காயம், பருப்பு, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி முதலியன இவ்வாறே விளைந்தன. தங்கள் ஊர்களை மூடிய பொருளையே அதற்குத் தப்பிய நிலத்துக்குக் கூலி கொடுத்துக் கொண்டுவந்து கொட்டினார்கள் என்பது, சொன்னால் நம்ப முடியாத செய்தி.

லா ஹேரியாவின் முதன்மைத் திராட்சை மல்வசீயா வகையைச் சேர்ந்தது. தீவின் மிகப் பழைய ஒயின் கூடமான எல் கிரிஃபோ 1775-இல் தொடங்கப்பட்டது. எரிமலை ஓய்ந்து நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. இம்முறையில் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 300 கொடிகள்தாம் இருக்கும். சாதாரணத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். குழிக்குள் உழவு இயந்திரம் இறங்காது. கவாத்து, களையெடுப்பு, சரிந்த சரளையை அள்ளி வெளியே போடுவது, அறுவடை எல்லாமே கைவேலை.

மாஞ்சா பிளாங்காவின் நேர்த்திக்கடன்

சீற்றத்தின் இறுதிக் காலத்தில் எரிமலைக் குழம்பு மாஞ்சா பிளாங்கா என்னும் ஊரை நெருங்கியபோது, மக்கள் துயருறு அன்னையின் உருவத்தை ஏந்தி ஊர்வலமாகச் சென்று குழம்பின் முன்னே ஒரு சிலுவையை நட்டார்கள். அவ்விடத்தோடு அது நின்றது என்பது மரபு. கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டவர்கள் ஆபத்து நீங்கியதும் மறந்துவிட்டார்கள். 1774-இல் ஆடு மேய்த்த ஒரு சிறுமிக்கு அன்னை காட்சி தந்து நினைவூட்டிய பிறகே கோயில் எழுந்ததாகக் கதை தொடர்கிறது. நேர்த்திக்கடனை மறந்ததையும் மறைக்காமல் சொல்லிவருவதில் இக்கதைக்குத் தனி அழகு உண்டு.

1824-இல் எரிமலை மீண்டும் சீறியது. இம்முறை மூன்று மாதங்களுக்குள் ஓய்ந்தது. இன்றும் செப்டம்பர் 15-ஐ ஒட்டித் தீவு முழுவதிலிருந்தும் மக்கள் மரபு உடை அணிந்து இக்கோயிலுக்கு நடந்தே வருகிறார்கள். திம்ப்ளே என்னும் சிறிய நரம்பிசைக் கருவி வழியெங்கும் ஒலிக்கும். வறுத்த தானியத்தை அரைத்துச் செய்யும் கோஃபியோ மாவு, ஆட்டுப் பாலாடைக்கட்டி முதலியவற்றைக் காணிக்கையாகக் கொண்டுவருவர். கோஃபியோ, ஐரோப்பியர் வருவதற்கு முன் இங்கு வாழ்ந்த பூர்வகுடிகளின் உணவு. 1402-இல் நார்மன் வீரர் ழான் தே பெத்தான்கூர் தீவைக் கைப்பற்றிய பிறகு அக்குடிகளின் மொழி அழிந்தது. இது போன்ற சில சொற்கள் தப்பின.

உப்பும் சாயமும்

தென்மேற்கிலுள்ள ஹனூபியோவில் எரிமலைக் குழம்பு கடலை மறித்ததால் ஒரு காயல் உருவானது. 1895 முதல் அங்கு உப்பளம் இயங்குகிறது. மீனைப் பதப்படுத்த அந்த உப்பு தேவைப்பட்டது. குளிர்சாதனம் வந்தபின் தேவை சுருங்கியது.

வடக்கே குவாதீசா பகுதியில் சப்பாத்திக்கள்ளித் தோட்டங்கள் உள்ளன. அவற்றில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் செழித்த இத்தொழிலை நிலக்கரித் தாரிலிருந்து செய்த செயற்கைச் சாயங்கள் வீழ்த்தின. தமிழகத்திலும் இப்பூச்சியை வளர்க்கும் முயற்சி நடந்ததுண்டு: 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் இதற்கெனக் கள்ளித் தோட்டம் அமைத்தார். கிடைத்த பூச்சியினம் நல்ல சாயம் தரவில்லை. கள்ளியைத்தான் தின்று தீர்த்தது.

சுற்றுலா வந்த பிறகு

ஓவியரும் சிற்பியுமான சேசர் மன்ரீக்கே (1919–1992) தீவின் தலைநகரான அரெசிஃபேயில் பிறந்தவர். நியூயார்க்கிலிருந்து 1966-இல் திரும்பியதும், சுற்றுலா தவிர்க்க முடியாதது என்றால் அது தீவின் இயல்பைக் கெடுக்காமல் வரவேண்டும் என்று உழைத்தார். உயரமான கட்டடங்கள் வேண்டாம், சாலையோர விளம்பரப் பலகைகள் வேண்டாம், வீடுகள் வெள்ளையாக இருக்கட்டும் என்று வலியுறுத்தினார். தீவு நிர்வாகத்தின் தலைவராக இருந்த நண்பர் பெப்பீன் ராமிரேஸ் துணை நின்றார். கொரோனா எரிமலையின் குழம்புக் குகையில் அமைந்த ஹமேயோஸ் தெல் ஆகுவா மன்ரீக்கேயின் படைப்பு. அதன் உப்புநீர்க் குளத்தில் கண்பார்வையற்ற சிறு வெண்ணிற நண்டினம் வாழ்கிறது. 1730–36 சீற்றத்தின் குழம்பில் உண்டான குமிழிக் குகைகளுக்குள்ளேயே தம் வீட்டையும் அமைத்துக்கொண்டார். 1980-களில் விடுதிகள் கட்டுப்பாடின்றிப் பெருகியபோது வெளிப்படையாக எதிர்த்தார். 1992-இல் சாலை விபத்தில் இறந்தார். மறு ஆண்டு லான்சரோட்டேயை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

சுற்றுலா தீவின் வறுமையைப் போக்கியது என்பதில் ஐயமில்லை. 1960-களின் நடுவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வரும்வரை, மழைநீர்த் தொட்டி வறண்டால் மக்கள் கப்பலில் வரும் தண்ணீருக்குக் காத்திருந்தனர். அதே சுற்றுலா வயலிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டது. விடுதி வேலையின் நிலையான சம்பளத்துக்கு முன், குழியில் இறங்கிச் சரளை அள்ளும் வேலை ஈடுகொடுக்க முடியவில்லை. கவனிப்பாரற்ற குழி அப்படியே நிற்பதில்லை. காற்று சரளையைத் தள்ளித் தள்ளி அதை மூடிவிடும். பயணிகள் லா ஹேரியாவில் வாங்கும் ஒயினே இன்று பல குழிகளைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒட்டகங்களின் கதையும் இதுவே. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்த ஒற்றைத் திமில் ஒட்டகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஏர் இழுத்தன, பிக்கோன் சுமந்தன, திராட்சைக் கூடைகளைச் சுமந்தன. இயந்திரங்கள் வந்தபின் அவற்றுக்கு வயலில் வேலை இல்லை. இப்போது திமன்ஃபாயாவின் அடிவாரத்தில், திமிலின் இருபுறமும் கட்டிய நாற்காலிகளில் பயணிகளை ஏற்றிக் குன்றைச் சுற்றி வருகின்றன. வேலை முடிந்ததும் வரிசையாக ஊகா என்னும் ஊரிலுள்ள கொட்டில்களுக்குத் திரும்புகின்றன.