தங்கையின் நினைவில் எழுந்த வைத்தியசாலை

ஒரு வீட்டில் நிகழும் துயரம் அவ்வீட்டோடு அடங்கிப்போவதே உலக வழக்கு. அது ஊருக்குப் பயன்படும் பணியாக மாறுதல் அரிது. அவ்வருமைக்குச் சான்றாய் விளங்குவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு.

புதுக்கோட்டையிற் பிறந்த அம்மையார் 1912ஆம் ஆண்டில் சென்னை வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். பிறர் பிணி தீர்க்கக் கற்றவர், உடன்பிறந்தாளின் பிணியைத் தீர்க்க வழியின்றி வருந்தினார். அந்நாளிற் சென்னையில் இந்நோய்க்கெனத் தனி வைத்தியசாலை இருந்ததில்லை. அக்குறையைப் போக்க அவர் உறுதி பூண்டார்.

1935இல் நடைபெற்ற அக்கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அவ்வெண்ணத்தை வெளியிட்டார். புற்றுநோய்க்கு மரணமே முடிவென்று பலரும் நம்பியிருந்த காலமாதலின், உதவி எளிதிற் கிட்டவில்லை. எனினும் அவர் தளர்ந்தாரல்லர்; இந்திய மாதர் சங்கத்தின் துணைகொண்டு நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன. அம்மையாருக்கு வயது 67.

அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அந்நிலையத்தை வளர்த்தனர். பொருளற்றோரும் அங்கே சிகிச்சை பெற்றனர். 1968இல் அம்மையார் மறைந்தார். தம் வீட்டில் ஓருயிரைக் காக்க இயலாது போனவர், முன்பின் அறியாத எண்ணற்ற வீட்டாருக்குப் புகலிடம் அமைத்துச் சென்றார்.