லாரி டர்போவும் ஃபியட் காரும்

போன மாதம் பேரன் புது கார் எடுத்து வந்தான். மூன்று சிலிண்டர், ஒரே லிட்டர் இன்ஜின். "டர்போ தாத்தா, மேட்டுல கூட பறக்கும்" என்றான். பானெட்டைத் திறந்து காட்டினான். தேங்காய் மூடி அளவில்தான் இருந்தது. எனக்கு 1989 ஞாபகம் வந்துவிட்டது.

விஷயம் எளிதுதான். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். கார் டர்போ நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், சக்தியும் கூடும்.

இதற்கு 1905-லேயே காப்புரிமை வாங்கியவர் ஸ்விட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பியூக்கி. 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான இன்ஜினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், காற்று குறைந்த இடத்திலும் டர்போ இழந்த சக்தியைத் திரும்பக் கொடுக்கும் என்று நிரூபித்தார்.

காருக்கு வந்தபோதுதான் தலைவலி. 1962-ல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வந்தது. 3.5 லிட்டர், 215 குதிரை சக்தி. காற்றை அழுத்தினால் சூடேறும். சூடேறினால் பெட்ரோல் தாறுமாறாக வெடித்து பிஸ்டனைத் தாக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். அதை அடக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைப் பீய்ச்சும்படி வைத்தார்கள். வாங்கியவர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். இரண்டே வருடத்தில் கார் நின்றுபோனது. பிறகு பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்ப்பரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள். 1977-ல் ரெனோ முதன்முதலாக ஃபார்முலா ஒன்னுக்கு டர்போ கார் கொண்டுவந்தபோதும் இன்ஜின் அடிக்கடி புகைந்து நின்றது. 'மஞ்சள் டீ கெட்டில்' என்று கேலி செய்தார்கள். அதே ரெனோ 1979-ல் பிரெஞ்சுப் பந்தயத்தில் ஜெயித்தது.

இனி நம்ம கதை. சோழவரத்தில் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கோவையில் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய காலமும் அதுதான். லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த எங்கள் ஊர்ப் பையன்களுக்கெல்லாம் ஆசை பிடித்துக்கொண்டது.

என் நண்பன் ஒருவன் தன் பழைய ஃபியட்டில், 1,089 சி.சி. இன்ஜினில், காயலான் கடையில் வாங்கிய லாரி டர்போவை மாட்டினான். ஃபிளாஞ்ச் எங்கள் லேத்தில் கடைந்தது. பைப் வளைத்தது, ஆயில் லைன் இழுத்தது எல்லாம் கைவேலை. எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. ஊருக்கு வெளியே காலி மண் மைதானத்தில் ஆட்டோகிராஸ்: கூம்புகளை வைத்து, ஒரு நேரத்துக்கு ஒரு கார், கடிகாரத்தோடு போட்டி.

முதல் நாள் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். லாரி டர்போ சின்ன இன்ஜினுக்குப் பெரிது. அது முழித்துக்கொள்வதற்குள் வளைவு வந்துவிடும். அது பரவாயில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபோது, தகர டப்பாவில் கோலிக்குண்டு குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏப்பா, ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்றான்.

"ஒண்ணுமில்லப்பா, டேப்பட் சத்தம்தான்" என்றேன்.

நாக்கிங் என்று எனக்குத் தெரியும். டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெரிய ஜெட் போட்டு, ஹெட்டுக்குக் கனமான கேஸ்கெட் வைத்திருக்கலாம். அதற்கு இன்னொரு வாரம் வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை.

மறுநாள் இரண்டாவது சுற்றில் நீலப் புகை. ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் ஓட்டை. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் பந்தயத்துக்கும் போகவில்லை.

இப்போதைய கார்களில் அந்தச் சத்தத்தைக் கேட்கவே ஒரு சென்சார் இருக்கிறது. கேட்ட உடனே கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னால் தள்ளிவிடுகிறது. பேரன் போன பிறகு நண்பனுக்கு ஃபோன் போட்டு, முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாததைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "எனக்கும் கேட்டுச்சுப்பா. நீ டேப்பட்டுன்னு சொல்லணும்னுதான் கேட்டேன்" என்றான்.