கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு குறிகள்

திரையில் தமக்கென வடிவம் ஏதும் இல்லாமல், அண்டை எழுத்துகள் ஒட்டுமா பிரியுமா, வரி எங்கே மடங்கும், எழுத்து எந்தத் திசையில் ஓடும் என்பவற்றை முடிவுசெய்யும் யூனிகோடு குறிகள் இவை. மற்ற எழுத்துகளைப் போல ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் உண்டு. கண்ணுக்குப் படாததால் குப்பையெனக் கருதி வடிகட்டிவிடும் மென்பொருள்கள் உள்ளன. அப்படிச் செய்வது பிழை. பல மொழிகளில் இவை எழுத்துக்கூட்டலின் பகுதி.

முக்கியமானவை அகலமில்லா இணைப்பானும் (யு+200டி) அகலமில்லாப் பிரிப்பானும் (யு+200சி). சிங்களத்தில் ‘ஸ்ரீ’ எழுத, மெய்க்குறிக்கும் ரகரத்துக்கும் நடுவே இணைப்பான் வேண்டும். அதை அகற்றினால் கூட்டெழுத்து உடைந்து, இலங்கையின் பெயரே பிழையாகத் தெரியும். பாரசீகத்தில் வினையின் முன் வரும் ‘மீ’யை, இடைவெளி விடாமலும் ஒட்டாமலும் நிறுத்துவது பிரிப்பான். தமிழில் தேவை குறைவு என்றாலும் இல்லாமலில்லை: ‘டாக் ஷோ’வைச் சேர்த்தெழுதினால் ‘டாக்ஷோ’ ஆகிவிடும், பிரிப்பான் இட்டால் புள்ளி வைத்த ககரம் தனித்து நிற்கும்.

உயிரொலி இன்றித் தனித்து நிற்கும் மெய்களான மலையாளச் சில்லெழுத்துகள் முன்பு இணைப்பானைக் கொண்டே எழுதப்பட்டன. 2008இல் வந்த யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனிக் குறியெண்கள் தந்தது. பழைய கோப்பும் புதிய கோப்பும் கண்ணுக்கு ஒன்றே. இந்த வேறுபாட்டை அறியாத தேடுபொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

பன்மொழி இணைய முகவரிகளுக்கான 2003ஆம் ஆண்டு விதிமுறை இவ்விரு குறிகளையும் சத்தமின்றி நீக்கியது. 2010இல் வெளியான திருத்தம், மெய்க்குறியை அடுத்து வரும்போது இவற்றை ஏற்றுக்கொண்டது. இந்திய, இலங்கை எழுத்துகளுக்கு அது உரிய நியாயம்.

எழுத்துகளைத் திரையில் வரையும் மென்பொருள் இக்குறிகளில் தடுமாறினால் விளைவு கடுமையாகும். 2018 பிப்ரவரியில், பிரிப்பான் கலந்த ஒரு தெலுங்கு எழுத்துத்தொடரைக் காட்ட முயன்ற ஐபோன் செயலிகள் முடங்கின. ஆப்பிள் ஐஓஎஸ் 11.2.6இல் அதைச் சரிசெய்தது.

அரபு, எபிரேய எழுத்துகளுக்கான திசைக்குறிகளில் ஆபத்து வேறு வகை. நிரலின் வரிகளைக் கண்ணுக்கு ஒரு வரிசையிலும் கணினிக்கு வேறு வரிசையிலும் காட்டி ஏமாற்ற முடியும் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 2021இல் நிறுவினர். அதன்பின் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம் இத்தகைய கோப்புகளில் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது, குறிகளை அழிக்கவில்லை. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளின் உரைக்கு அவை தேவைப்படுகின்றன.