குற்றாலம் சீசன்: குறைந்த செலவுக் குடும்பப் பயணத்தின் வரலாறு

தென்காசி நகரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் குற்றாலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீளும் சாரல் காலத்தைத் தென்மாவட்ட மக்கள் ‘சீசன்’ என்றே அழைக்கின்றனர். கூலித் தொழிலாளர் குடும்பமும் வசதி படைத்தோர் குடும்பமும் ஒரே அருவியில் அருகருகே நின்று குளிக்கும் இந்தப் பழக்கம், தமிழ்நாட்டுச் சுற்றுலா வரலாற்றில் தனித்துப் பேசப்பட வேண்டியது.

கோயிலும் குறவஞ்சியும்

குற்றாலத்துக்கு முதலில் வந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், அடியார்கள். திருஞானசம்பந்தர் இத்தலத்தையும் இங்குள்ள குறும்பலாவையும் தனித்தனிப் பதிகங்களில் பாடியுள்ளார். நடராசரின் ஐந்து சபைகளுள் சித்திரசபை இங்குள்ளது. 18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி, மலையையும் அருவியையும் இங்கு வராதவர்களுக்கும் பழக்கமாக்கியது. அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் ‘குறவஞ்சிமேடு’ எனப்பட்டது என்பர்.

கம்பெனியார் காலம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கு ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தனர். அருகிலுள்ள காசிமேஜர்புரம் என்ற ஊரின் பெயர், கசமேஜர் என்ற ஆங்கில அதிகாரியின் பெயரிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது. ஊட்டியும் கொடைக்கானலும் ஆங்கிலேயரின் மலைவாசத் தலங்களாக வளர்வதற்கு முன்பே, திருநெல்வேலிச் சீமை அதிகாரிகள் உடல்நலம் தேறக் குற்றாலம் வந்து தங்கினர். ஆனால் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. சாரல் நின்றால் வெயில்தான். ஆண்டு முழுதும் குளிர் தேடியவர்களுக்கு இது போதவில்லை. குற்றாலம் ஆங்கிலேயர் நகரமாக மாறாமல் உள்ளூர் மக்களின் ஊராகவே நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. திருவிதாங்கூர் மன்னர் குடும்பமும் ஜமீன்தார்களும் மாளிகைகள் கட்டிக்கொண்டார்கள். ஆனால் அருவியைச் சுற்றி யாரும் சுவர் எழுப்பவில்லை.

ரயில் வந்தபின்

சாதாரணக் குடும்பங்களுக்குக் குற்றாலத்தைத் திறந்துவிட்டது ரயில்தான். திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை செல்லும் மீட்டர் கேஜ் பாதை 1903இல் முழுமை பெற்றது. மறு ஆண்டே அது மலையைக் குடைந்து கொல்லத்தை எட்டியது. 1927இல் விருதுநகர் - தென்காசிப் பாதையும் சேர்ந்தபோது, ராஜபாளையம், சிவகாசி, மதுரைப் பக்கத்தார்க்கும் வழி சுலபமாயிற்று. தென்காசியில் இறங்கி மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ மிச்சத் தூரத்தைக் கடந்தனர்.

வசதி உள்ளவர்கள் வீடு வாடகைக்குப் பிடித்து, பாத்திரம் பண்டங்களோடு வந்து வாரக்கணக்கில் தங்கினர். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்தார். ராஜாஜி, கல்கி போன்றோர் அவர் வீட்டு விருந்தினர்கள். இலக்கிய வரலாற்றில் இந்த விருந்துகளுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டுகளில் சத்திரத்துத் திண்ணையில் படுத்தெழுந்து, காலையில் குளித்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களைப் பற்றி எழுதிவைத்தவர் குறைவு.

ஒரு நாள் கணக்கு

பேருந்தும் வேனும் பெருகிய பின் பயணம் வாரக்கணக்கிலிருந்து ஒரு நாளாகச் சுருங்கியது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்து, வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது இன்றும் வழக்கம். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் வீட்டிலிருந்தே வரும். சிலர் அடுப்பும் அரிசியும் கொண்டுவந்து சாலையோர மரத்தடியில் சமைப்பார்கள். அருவியில் குளிக்கக் கட்டணம் இல்லை. தங்க நேர்ந்தால்தான் கணக்கு இடிக்கும். சீசன் வாரக் கடைசியில் அறை வாடகை சாதாரண நாளைவிடப் பன்மடங்காகிவிடும். எனவே இரவில் புறப்பட்டு, விடியலில் பேரருவி, பிறகு ஐந்தருவி, பழைய குற்றாலம், மாலையில் திரும்புதல் என்பதே பெரும்பாலோரின் திட்டம்.

திரும்பும் வழியில் மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்குவதும் செங்கோட்டை அருகே பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடுவதும் இதில் அடங்கும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்தது. எல்லை மறைந்துவிட்டது, ‘பார்டர்’ மட்டும் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களால் இரண்டாவது கூட்டம் வருகிறது.

தண்ணீரும் தடையும்

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் நேராகத் தலையில் விழுவதில்லை. இடையில் பாறையில் குடைந்த ‘பொங்குமாகடல்’ என்னும் பள்ளத்தில் விழுந்து, நிரம்பி வழிந்த பின்னரே கீழே வருகிறது. வேகம் அங்கேயே குறைவதால்தான் குழந்தைகளும் முதியவர்களும் நின்று குளிக்க முடிகிறது. மலைமேல் மழை வலுத்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் காவல்துறை குளிப்பதைத் தடுக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குடும்பங்கள் அலறியடித்து ஓடின. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

தடை அறிவிக்கப்படும்போது வேனில் வந்தவர்களின் ஏமாற்றம் பெரிது. அறை எடுத்துத் தங்கியவர் மறுநாள் குளித்துக்கொள்ளலாம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு மறுநாள் இல்லை. தடையை மீறி ஓரமாக இறங்குவோரைக் கண்டிக்கும் முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயினும் காவலர் ஊதும் விசிலுக்கு மறுபேச்சு இருக்கக் கூடாது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த இப்போது தடை உள்ளது. எண்ணெய்க் குளியலுக்கே பெயர்பெற்ற ஊரில் முதியவர்கள் பலருக்கு இது இன்னும் வருத்தமே. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் அருவிகள் மூடப்பட்டு, பல மாதங்கள் கழித்தே திறக்கப்பட்டன. குரங்குகளைத் தவிர யாரும் இல்லாத பேரருவியை ஊர்க்காரர்கள் அந்தச் சீசனில்தான் முதன்முறையாகப் பார்த்தனர்.